குழந்தைக்கு வயிற்றால் போகிறதா? ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டும் இலவசம், கேட்டு வாங்குங்கள்

என் மகளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் தொடங்கி ராத்திரி பத்து மணிக்குள் ஆறு தடவை தண்ணீராகப் போனாள். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பல் முளைக்கிறது, அதனால்தான் என்றார் அத்தை, சீர் தட்டியிருக்கும், காலையில் தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிப் போகலாம் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. நான் பதறிப்போய் மெடிக்கலுக்கு ஆள் அனுப்பி, ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட ஒரு பழச்சுவை டப்பாவை வாங்கிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு போக்கு இன்னும் கூடியது. மறுநாள் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு சர்க்கரைப் பொடி) ஒரு அட்டை ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து மாத்திரையும் கையில் கொடுத்து, கரைக்கும் விதத்தையும் காட்டித் தந்தார். ஒரு பைசா செலவில்லை. இது முன்னாடியே தெரிந்திருந்தால் அந்த ராத்திரி அப்படிக் கழிந்திருக்காது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, நகரத்தில் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், இங்கெல்லாம் கேட்கலாம். இதற்கு வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை எதுவும் வேண்டாம். 2014 முதல் வருஷத்துக்கு ஒரு முறை, மழையும் ஈக்களும் கூடுகிற மாதங்களை ஒட்டி, வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம் நடத்துகிறார்கள். முதலில் இரண்டு வாரமாக இருந்ததை 2024-இல் ஜூலை, ஆகஸ்ட் என்று இரண்டு மாத இயக்கமாக ஆக்கினார்கள். அப்போது கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நேரில் வந்தே பாக்கெட் கொடுப்பார்கள். கதவைத் தட்டினால் 'எங்க பிள்ளை நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், வாங்கி வையுங்கள். நடு ராத்திரியில் போக்கு ஆரம்பித்தால் கையில் இருப்பதுதான் உதவும்.

சரி, கரைப்பது. இங்கேதான் நிறைய பேர் தவறுகிறோம். அரசு தருகிற பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து எடுத்து, பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையாகக் கொட்டிக் கலக்க வேண்டும். குழந்தை அவ்வளவு குடிக்காதே என்று பாதிப் பொடியை ஒரு டம்ளரில் உத்தேசமாகக் கரைத்தால் உப்பு கூடிவிடும், அது சின்னக் குழந்தைக்கு ஆபத்து. கடையில் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கிடைக்கும் என்பதால் எதுவானாலும் உறையில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக் கொள்ளுங்கள். கூடச் சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. கரைத்தது 24 மணி நேரம்தான், மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 5 டீஸ்பூன், இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் ஐந்து வயது வரை அரை முதல் ஒரு டம்ளர். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பால் பாட்டிலில் ஊற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால் பயந்து நிறுத்திவிடாமல் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது, கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

பலர் பாதியில் விடுவது ஜிங்க் மாத்திரையை. ஒரு மாத்திரை 20 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு ஒன்று, இரண்டு முதல் ஆறு மாதம் வரை அரை மாத்திரை, ஸ்பூனில் தாய்ப்பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வராமல் காக்கும் வேலையை இந்த 14 நாள்தான் செய்கிறது. நர்ஸ் மூன்று மாத்திரை மட்டும் கிள்ளிக் கொடுத்தால், பதினாலும் வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை.

தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அம்மா சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அம்மாவையும் பட்டினி போட்டு, பிள்ளைக்கும் பாலை நிறுத்துகிற வீடுகளை இன்றைக்கும் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிள்ளைக்கு அரிசிக் கஞ்சி, பருப்பு சாதம் மசித்தது, வாழைப்பழம், மோர், எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். போக்கை உடனே நிறுத்துகிற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

அந்தப் பழச்சுவை டப்பா விஷயத்துக்கு வருகிறேன். அதில் சர்க்கரை அதிகம், அந்தச் சர்க்கரையே குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவுக்கு ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அளவு சரியாக இருந்ததால்தான் அது மருந்தானது.

எப்போது கிளம்ப வேண்டும்? கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, மலத்தில் ரத்தம், குடிக்க மறுக்கிறது, கூப்பிட்டால் துவண்டு கிடக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை விழித்திருந்து விழுங்குகிறது என்றால் வழி முழுக்க ஸ்பூனால் கரைசல் கொடுத்துக்கொண்டே போகலாம். போகலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் 104-இல் கேட்கலாம். இன்னொரு உரிமை பலருக்குத் தெரியாது. கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் இலவச சிகிச்சை தர 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தை 2014-இல் ஒரு வயது வரையிலான நோயுற்ற குழந்தைகளுக்கும் நீட்டித்திருக்கிறார்கள். அதன்படி அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம், வீட்டிலிருந்து அங்கே போகவும், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றவும், திரும்பி வரவும் வண்டியும் இலவசம். மருந்து இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்று சீட்டு எழுதினால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், தடுப்பூசி அட்டையை எடுத்து ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து என்ற இடத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் இதுவும் இலவசம், 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியாகக் கொடுப்பார்கள். கைக்குழந்தைகளைப் பிடிக்கிற கடுமையான வயிற்றுப்போக்குக்கு முக்கியமான காரணம் இந்தக் கிருமிதான். முதல் தவணையே விட்டுப்போயிருந்தாலும் ஒரு வயதுக்குள் என்றால் ஆரம்பித்துவிடலாம், அடுத்த தடுப்பூசி நாளன்றைக்கே அட்டையோடு போய் நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.