கஞ்சாவைச் சணல் ஆக்காதீர்கள்

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: ‘சணல் கடத்திய இளைஞருக்கு 10 ஆண்டு சிறை.’ சணலுக்கே சிறை என்றால், கோணிப்பை அடுக்கி வைத்திருக்கும் மளிகைக்கடைக்காரர் அத்தனை பேரும் உள்ளே போகவேண்டியதுதான். மூலத்தில் இருந்த சொல் ‘ஹெம்ப்’, அங்கே கஞ்சா என்று பொருள். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டிருக்கிறார்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஆங்கிலத்தில் நார் தரும் செடி பலவற்றுக்கும் ஹெம்ப் என்ற ஒட்டு உண்டு. நெல் நடுமுன் பசுந்தாள் உரமாக விதைத்து மடக்கி உழுகிறோமே, அந்தச் சணப்பை ‘சன் ஹெம்ப்’. புளிச்சை ‘டெக்கான் ஹெம்ப்’. கோணி நெய்கிற சணலோ ஜூட், அது தனி. கஞ்சாச் செடிக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குக் ‘கானபிஸ் சட்டைவா’ என்று பெயரிட்டார். ‘கன்னபிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான் ‘கேன்வாஸ்’ என்பதும். பாய்மரத்துக் கித்தானுக்கு நார் கொடுத்தது இந்தச் செடியே.

‘மரிஜுவானா’ மெக்சிகோவின் ஸ்பானிய மொழியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. 1937இல் அங்கே ‘மரிஹுவானா வரிச் சட்டம்’ வந்தபின் உலகெங்கும் பரவிவிட்டது. தமிழ்ச் செய்தியில் அதை அப்படியே எழுதினால், கஞ்சாவைவிட வேறேதோ சரக்கு என்றுதான் வாசகர் நினைப்பார்.

‘கஞ்சா’வும் தமிழ் வேர்ச்சொல் அல்ல, வடமொழியிலிருந்து வந்தது. ஆனால் நாம் வாங்கிக்கொண்டதோடு அது நிற்கவில்லை. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்கா போன இந்தியர்களோடு கப்பலேறியது. அங்கே 1913இல் தடைச் சட்டம் வந்தபோதும் அதே பெயர்தான், இன்றும் அதே பெயர்தான். சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி, சிவமூலி, ஆனந்தமூலி என்றெல்லாம் உண்டு. அழகான பெயர்கள்தான், ஆனால் முதல் தகவல் அறிக்கையில் ‘இரண்டு கிலோ ஆனந்தமூலி பறிமுதல்’ என்று எழுத முடியுமா? பீடி, சுருட்டுபோல இதையும் ‘குடிக்கிறோம்’. ‘கஞ்சா குடிக்கி’ என்று வசவாகவே ஆகிவிட்ட சொல்லை இனி அந்நியம் என்பதில் அர்த்தமில்லை.

பேச்சில் செடி முழுவதும் கஞ்சாதான். சட்டத்தில் அப்படி இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனி மட்டுமே. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. பிசின் தனியாகச் ‘சரஸ்’. இலையை அரைத்துச் செய்யும் பாங்கு மாநிலச் சட்டங்களின் கையில் இருக்கிறது. அதனால்தான் ஜெய்சல்மேரில் அரசு உரிமத்தோடு பாங்குக் கடை நடக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். ஆகவே ‘இலை, விதை, காம்பு எல்லாம் சேர்த்து நிறுத்தீர்களா?’ என்று வக்கீல் கேட்பது வெறும் வாய்ச்சாலகம் அல்ல.

நுனிக்கும் இலைக்கும் இந்தப் பாகுபாடு 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1893–94இல் ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான பழக்கத்தால் பெரிய கேடில்லை, முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று சொன்னது. அந்த அறிக்கையை இன்று யார் படிக்கிறார்கள்! 2020 டிசம்பரில் ஐ.நா. தன் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. உள்நாட்டில் தண்டனை அப்படியே இருக்கிறது.

இலங்கைப் பத்திரிகைகளில் இன்னொரு வழக்கு: யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளில் பிடிபடுவதைக் ‘கேரள கஞ்சா’ என்பார்கள். கடல் கடந்து வந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

மெய்ப்பில் ‘சணல்’ஐ அடித்துக் ‘கஞ்சா’ என்று திருத்தினேன். அடுத்த பக்கத்திலேயே சிக்கல்: ‘சணல் விதை எண்ணெய்’. இங்கும் மூலத்தில் ‘ஹெம்ப்’தான், அதாவது கஞ்சாச் செடியின் விதை. போதை இல்லாத இந்த விதையை உணவாக விற்க 2021இல் அனுமதி வந்துவிட்டது. நாருக்காகப் பயிரிட உத்தராகண்டில் 2018 முதல் உரிமம் தருகிறார்கள். ‘கஞ்சா விதை எண்ணெய்’ என்று புட்டியில் ஒட்டினால் வாங்குகிறவர் பதறுவார், சணல் என்றாலோ பொய். ஓரத்தில் ‘நார்க்கஞ்சா?’ என்று கேள்விக்குறியோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் இன்னும் பதில் போடவில்லை.