சேசிஸ்: அடிச்சட்டமா, அடிச்சட்டகமா?

வண்டியின் மேற்பகுதியைத் தாங்கும் அடிக்கட்டமைப்பான சேசிஸைத் தமிழில் எப்படி எழுதுவது? வண்டியின் பதிவுச் சான்றில் 'சேசிஸ் எண்' என்று இருப்பதைப் பட்டறைக்காரர்கள் 'சேஸ் நம்பர்' என்பார்கள். மூலச்சொல் பிரெஞ்சு, அங்கே ஈற்றெழுத்து ஒலிக்காது, 'ஷாசி' என்றுதான் சொல்வார்கள். பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. பிரெஞ்சில் ஜன்னல் சட்டமும் ஷாசிதான். ஆங்கிலத்துக்குப் போன பிறகு பீரங்கி முன்னும் பின்னும் நகரும் சட்டத்தையும் குறித்தது. மோட்டாருக்கு வந்தது அதற்குப் பிறகு.

மோட்டாருக்கு வந்ததும் பொருள் விரிந்தது. ரோல்ஸ் ராய்ஸ் 1906இல் அறிமுகப்படுத்திய 40/50 குதிரைத்திறன் வண்டியைப் பார்த்தால் இது விளங்கும். நிறுவனம் விற்றது சேசிஸை மட்டுமே. அதில் எஞ்சின், கியர்பெட்டி, அச்சு, ஸ்பிரிங், சக்கரம் எல்லாம் உண்டு. உட்கார இடம் இருக்காது. 985 பவுண்டு கொடுத்து அதை வாங்கியவர், பார்க்கர் போன்ற கூண்டு கட்டும் நிறுவனத்திடம் தனியே செலவழித்து மேற்பகுதியை அமைத்துக்கொள்வார். 'சில்வர் கோஸ்ட்' என்பதே முதலில் 60551ஆம் எண் சேசிஸின் மேல் பார்க்கர் கட்டிய ஒரே ஒரு வண்டியின் பெயர்; பிறகுதான் 40/50 வரிசை முழுவதற்கும் பெயராயிற்று.

1926 வரை நீடித்த இந்த வரிசையில் சேசிஸ் மாறிக்கொண்டே இருந்தது. 7,036 சிசி எஞ்சின் 7,428 ஆயிற்று. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறியது. சுவையான கதை கியர்பெட்டியுடையது. நான்கு கியரை 1909இல் மூன்றாகக் குறைத்தார்கள். 1912 ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில், ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயில், ஜேம்ஸ் ராட்லி என்பவரின் ரோல்ஸ் ராய்ஸ் வண்டி ஏற முடியாமல் நின்றது. 'உலகின் தலைசிறந்த கார்' என்று விளம்பரம் செய்தவர்களுக்கு இதைவிடத் தலைகுனிவு வேண்டுமா? மறு ஆண்டே நான்கு கியரோடு அதே மலைக்குப் போய்ப் பெயரை மீட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வந்தது 1924இல்தான். இத்தனையும் 'சேசிஸில் செய்த மாற்றங்கள்' என்றே சொல்லப்பட்டன. நீளவாட்டு இரும்புச் சட்டங்களை மட்டும் அந்தச் சொல் குறிக்கவில்லை.

ஆகவே 'அடிச்சட்டம்' என்று எல்லா இடத்திலும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. சட்டம் என்றால் ஒற்றை மரமோ இரும்போ நினைவுக்கு வரும், அல்லது நீதிமன்றம் நினைவுக்கு வரும். வெறும் இரும்பு அமைப்பைச் சொல்ல அது போதும். எஞ்சின் முதல் சக்கரம் வரை பூட்டிய முழுத் தொகுதிக்கு 'அடிச்சட்டகம்' பொருந்தும். பல உறுப்புகள் சேர்ந்த கட்டமைப்பு என்ற பொருள் சட்டகத்தில் இருக்கிறது. பதிவுச் சான்றுக்கு 'அடிச்சட்டக எண்' என்று எழுதலாம்.

இந்தப் பழைய முழுப்பொருள் ஐரோப்பியக் கார்களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் மறையவில்லை. கேபின்கூட இல்லாத புது லாரி, முகத்தில் காற்று அறைய, ஓட்டுநர் ஒருவரோடு நெடுஞ்சாலையில் போவதைப் பார்த்திருப்பீர்கள். பாடி கட்டப் போகும் அந்த வண்டியைச் சுட்டி 'சேஸ் போகிறது' என்பார்கள்.