மலைச்சரிவில் ஒரு சென்சார், அதுவும் மழைக்காலத்தில்

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் கொட்டிய மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மலைரயில் பாதையும் சேதமானது. நீலகிரிக்காரர்களுக்கு இதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு சரிவு விழுவதற்கு முன்பே மண்ணுக்குள் சில மாற்றங்கள் நடக்கின்றன, அவற்றை அளக்கலாம், அளந்ததைக் கம்பி எதுவும் இழுக்காமல் ஊருக்கு அனுப்பவும் செய்யலாம் என்பது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. கம்பியில்லா சென்சார் வலையமைப்பு செய்கிற வேலை அதுதான்.

மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீலகிரியில் சார்னோகைட் பாறைக்கு மேலே, காலங்காலமாகச் சிதைந்து உருவான மண் பல இடங்களில் தடிமனாகப் படிந்திருக்கிறது. துகளும் துகளும் அழுத்திக்கொண்டு நிற்கிற உராய்வுதான் அந்த மண்ணைச் சரிவில் பிடித்து வைத்திருக்கிறது. மழைநீர் இறங்க இறங்க இடையில் இருக்கிற சந்துகள் நிரம்பும், நிரம்பிய நீர் துகள்களை விலக்கித் தள்ள ஆரம்பிக்கும், பிடி தளரும். அதனால் மேலே எவ்வளவு மழை பெய்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே நீரழுத்தம் எவ்வளவு ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும். துளை போட்டு நீரழுத்த சென்சாரை இறக்குவார்கள், கூடவே மண் ஈரம், மழையளவு, சரிவின் சாய்வு ஆகியவற்றை அளக்கும் கருவிகளும் இருக்கும். பக்கத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. மூணாறில் அந்தோணியார் காலனி சரிவில் அம்ரிதா பல்கலைக்கழகம் இப்படி ஒரு வலையமைப்பை நிறுவி, 2009 மழையின்போது எச்சரிக்கையும் கொடுத்தது.

இந்த வலையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. ஒரு சென்சார், ஒரு சின்னக் கணினிச் சில்லு, ஒரு ரேடியோ, பேட்டரி, அவ்வளவுதான். 1990-களின் கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரிஸ் பிஸ்டர், தூசி அளவுக்குச் சிறிய சென்சார்களைச் செய்து எங்கும் தூவலாம் என்று கிளம்பினார், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணம் அதற்குக் கிடைத்தது. தூசி அளவு இன்னும் கைகூடவில்லை என்றாலும் அந்தத் தேடலில் தீப்பெட்டி அளவுக் கணுக்கள் பிறந்தன. 2002-இல் மெய்ன் மாநிலத்தின் கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளுக்குள் அவற்றை வைத்து, ஆள் நடமாடிக் கலைக்காமலேயே கூட்டின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தார்கள். இப்படிப்பட்ட கணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதியாக, அடுத்த ஆண்டே 802.15.4 என்ற ரேடியோ தரமும் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மின்சாரக் கணக்கு. பேசும்போதுதான் ரேடியோ பேட்டரியைத் தின்னும் என்று நினைப்போம். அந்தக் காலக் கணுக்களில் பரவலாக இருந்த ஒரு ரேடியோ சில்லு அனுப்பும்போது 17 மில்லிஆம்பியர் எடுத்தது, சும்மா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்போதோ ஏறக்குறைய 19. காத்திருப்பதற்குத்தான் செலவு அதிகம்! 2,500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பென்டார்ச் பேட்டரி ஒரு ஜோடி போட்டு எப்போதும் விழித்திருக்க வைத்தால் ஐந்தரை நாளில் கதை முடிந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்தால் அதே பேட்டரி கணக்குப்படி ஒன்றரை வருடம் ஓடும். ஆக, இந்தத் துறையின் பாதி சாமர்த்தியம் எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்பதில்தான் இருக்கிறது. எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் எழுந்தால்தானே ஒன்று பேச இன்னொன்று கேட்கும்? அதற்குக் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும், ஆனால் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 40 பங்கு பிசகினாலே ஒரு நாளில் மூன்றரை விநாடி தள்ளிப்போகும், அதனால் அடிக்கடி நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தூரத்துக்கு நேரடியாகக் கத்துவதைவிட, தீயணைக்க வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றுவது போல, பக்கத்துக் கணுவிடம் தகவலைக் கொடுத்து அனுப்புவது மலிவு. இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாருடைய தகவலும் கடைசியாக வந்து சேரும் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கணுக்கள் வழியாகவே போவதால் அவைதான் முதலில் சாகும், அவை போனால் பின்னால் நல்ல பேட்டரியோடு இருப்பவையும் ஊமைதான்.

மூடுபனி சிக்னலை மறைக்கும் என்று மலையில் பலர் நம்புகிறார்கள். இந்த அலைவரிசைகளில் மூடுபனி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சிக்னலை விழுங்குவது நனைந்த இலைகள்தான். கோடையில் சோலை ஓரத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த இரண்டு கணுக்கள் ஆடி மழையில் ஒன்றையொன்று கேட்காமல் போவது இதனால்தான். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் லோரா என்ற ரேடியோ தொழில்நுட்பம் இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடுகிறது, அலையின் நீளம் 35 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இலைகளைச் சமாளிப்பதில் இது மேல். அதோடு, இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் லோரா பிரித்தெடுத்துவிடும். வேகம் மட்டும் ரொம்பக் குறைவு, ஆனால் நீரழுத்தத்தைச் சொல்ல நாலு எண் போதுமே. எதிரே மலைமுகடு மறைக்காவிட்டால் பல கிலோமீட்டர் போகும் என்பதால் கைமாற்று வேலையும் குறைகிறது.

சரி, சோலார் தகடு வைத்துவிட்டால் போதாதா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் வெயிலுக்கு எங்கே போவது? கரண்டும் இருக்காது, செல்போன் டவரும் படுத்துவிடும். கருவி எப்போது கட்டாயம் பேச வேண்டுமோ அப்போதுதான் அதற்குச் சோறும் இல்லை, பாதையும் இல்லை. எனவே வெயிலே இல்லாமல் மழைக்காலம் முழுவதும் தாங்கும் லித்தியம் பேட்டரி வேண்டும், மழையில்லா நாளில் மணிக்கொரு தரம் அளந்துவிட்டு மழை வலுத்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிற புத்தியும் வேண்டும். அவலாஞ்சி, கூடலூர் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழை என்பதால் எல்லாச் சரிவுக்கும் ஒரே அட்டவணையும் சரிவராது.

வேறு பயன்களும் உண்டு. உருளைக்கிழங்கில் கருகல் நோய்க்குப் பிரிட்டனில் 1950-களில் ஒரு விதி வகுத்தார்கள்: வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், 90 சதவீத ஈரப்பதம் 11 மணி நேரமாவது நீடிக்கிற நாள்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஆபத்து. தோட்டத்தில் ஒரு கணு இருந்தால் இதைத் தானே எண்ணிச் சொல்லிவிடும், மருந்துச் செலவு மிச்சம். நம் மண்ணுக்கு அந்த எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தேயிலையில் கொப்புள நோய்க்கும் இலை ஈரத்தை அளந்து இப்படிச் செய்யலாம்.

அடுத்து வரப்போவது, சில்லிலேயே ஓடும் சிறிய செயற்கை நுண்ணறிவும் டவர் விழுந்தாலும் செயற்கைக்கோளுக்கு நேராக அனுப்பும் ரேடியோவும். 2024-இல் கொல்கத்தாவில் தொடங்கிய தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் நீலகிரிக்கும் அறிக்கை தருகிறது. அது வட்டார அளவில் சொல்லும், எந்தத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவு என்பதை அங்கே புதைத்த கணுதான் சொல்ல முடியும், இரண்டும் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் ஒதுக்கும்போது கருவிக்கு மட்டும் எழுதினால் போதாது. மழைக்கு முன்னால் ஏறிப் போய்ப் பேட்டரி மாற்றி, துளையைச் சுத்தம் செய்து, கணு பேசுகிறதா என்று பார்க்க அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு மாதச் சம்பளமும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.