பித்தப்பைக்கு இரத்தப் பரிசோதனை: ரிப்போர்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பித்தப்பையில் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு வருகிறவர்களில் பலர் அப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் கையை நீட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை காசு அனுப்பி, "அம்மா, ஃபுல் செக்கப் ஒண்டு செய்ங்க, கேன்சர் டெஸ்டும் சேர்த்து எடுங்க" என்று சொல்லியிருக்கும். வைத்தியர் எழுதிய துண்டு இருக்காது, எதற்காக எடுக்கிறோம் என்ற கேள்வியும் இருக்காது. ரிப்போர்ட்டில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' (ஹை, அதாவது வழக்கமான அளவைவிடக் கூடுதல்) என்று விழுந்துவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. மறுநாள் காலையில் வந்து, "கூடிக் கிடக்காமே மகன், எனக்குப் புற்றா?" என்று கேட்கும் அம்மாவுக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பித்தத்தைச் செய்வது ஈரல். பித்தப்பை அதை வாங்கி வைத்து, கெட்டியாக்கி, கொழுப்புச் சாப்பாடு உள்ளே போகும்போது சுருங்கிக் குடலுக்கு அனுப்புகிறது. நாம் எல்எஃப்டி என்று எடுப்பது ஈரலையும் பித்தம் வெளியேறும் வழியையும் பற்றிய பரிசோதனை, பித்தப்பையைப் பற்றியது அல்ல. குளத்துக்குள் கிடக்கும் கல்லால் வாய்க்காலில் தண்ணீர் குறையாது, அது மதகுக்குள் உருண்டு வந்து அடைத்தால்தான் குறையும். அதுபோலப் பைக்குள் சும்மா கிடக்கும் கல் இரத்தத்தில் எதையும் காட்டாது. பை நிறையக் கல் இருக்கும், எல்எஃப்டி அத்தனையும் சரியாக இருக்கும். "லிவர் டெஸ்ட் நோர்மல், அப்ப பித்தப்பையும் நோர்மல்தான்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கல் நழுவிப் பித்தக் குழாயை அடைக்கும்போதுதான் எண்கள் பேசத் தொடங்கும். பித்தத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பொருளான பிலிருபினில் 'டிரெக்ட்' என்று தனியாகப் போட்டிருக்கும் பங்கு ஏறும், எல்எஃப்டியில் பார்க்கும் ஏஎல்பி, ஜிஜிடி என்ற நொதிகளும் ஏறும். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற ஈரல் நொதிகள் இரண்டும் முதல் ஓரிரு நாளில் குபீரென்று ஏறிப் பிறகு இறங்கக்கூடும். பையிலேயே கிருமித் தொற்று என்றால் எஃப்பிசி என்ற இரத்த அணுக்கள் எண்ணும் பரிசோதனையில் வெள்ளணு கூடும், அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் கூடும். கணையத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தால் கணையத்தின் நொதிகளான அமைலேஸ் அல்லது லைபேஸ் எகிறும். இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஏஎல்பி எலும்பிலிருந்தும் வரும், அதனால் வளரும் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத்தான் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு நச்சுக்கொடியிலிருந்தும் வரும். ஏஎல்பியோடு ஜிஜிடியும் சேர்ந்து ஏறினால்தான் ஈரல் பக்கம் பார்க்கச் சொல்கிறோம்.

பிலிருபின் மட்டும் கொஞ்சம் கூடி, அதிலும் 'இன்டிரெக்ட்' பங்கு மட்டும் கூடி, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அது கில்பேர்ட் என்ற, பிறவியிலேயே வரும், ஆபத்தில்லாத ஒரு தன்மை. பட்டினி கிடந்தால் அது இன்னும் ஏறும். நோன்பு காலத்திலும் சஷ்டி விரதத்திலும் இரத்தம் கொடுத்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். விரதத்தில் இருப்பதை இரத்தம் எடுப்பவரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். இரத்தச் சிவப்பணு உடையும் நோய் இருக்கிறதா என்பதை எஃப்பிசியை வைத்து வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரத்தம் எடுத்த டியூப்பை மெஷினில் சுழலவிட்டு எடுத்தால் சிவப்பு கீழே படிந்து மேலே சீரம் தெளிந்து நிற்கும், வழக்கமாக இளமஞ்சளாக. அடைப்பால் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) வந்தவரின் சீரம் கடும் மஞ்சளாக, நாள்பட்டதென்றால் பச்சையோடிய பழுப்பாக நிற்கும். மெஷினுக்குள் வைக்கும் முன்னமே எங்களுக்கு விளங்கிவிடும். ஆனால் அதே பிலிருபின் வெளிச்சம் பட்டால் சிதையும். தூரத்துக் கிளையில் எடுத்த இரத்தத்தை மூடாமல் நம் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தால் உண்மையைவிடக் குறைவான எண் வரலாம். குத்தும்போது இழுபறிப்பட்டு அணுக்கள் உடைந்த இரத்தமென்றால் எஸ்ஜிஓடி பொய்யாகக் கூடும். "திரும்ப எடுக்க வேணும்" என்று கூப்பிட்டால் கோபிக்காமல் வாருங்கள், அது உங்கள் நன்மைக்கு.

சரி, அந்தக் 'கேன்சர் டெஸ்ட்'. செக்கப் பக்கேஜ்களில் வருவது சிஏ 19-9, சிஇஏ என்ற, சில புற்றுநோய்களில் இரத்தத்தில் கூடக்கூடிய இரண்டு பொருட்களின் அளவு. சிஏ 19-9க்கு வழக்கமான எல்லை மில்லிலீற்றருக்கு 37 யூனிட். கல் குழாயை அடைத்தாலே, குழாயில் தொற்று வந்தாலே, கணையம் வீங்கினாலே அது நூற்றுக்கணக்கில் ஏறக்கூடும், அடைப்பை எடுத்துவிட்டால் இறங்கும். சிஇஏ புகைப்பவர்களுக்குச் சும்மாவே கூடுதலாக இருக்கும். மறுபக்கம், நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குப் பிறவியிலேயே சிஏ 19-9 சுரக்காது. அவர்களுக்குப் புற்றுநோய் முற்றினாலும் எண் ஏறாது. தென் கொரியாவில் அறிகுறி இல்லாத 70,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்து 2004இல் வெளியிட்டார்கள்: 1,000 பேருக்குச் சற்று மேல் எண் கூடியிருந்தது, அதில் கணையப் புற்றுநோய் இருந்தது 4 பேருக்கு. நோய் உறுதியானவரின் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க இது உதவும், அதற்கும் ஒரே ஆய்வுகூடத்தில் எடுப்பது நல்லது, பரிசோதிக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். ஒன்றுமில்லாதவர் சும்மா எடுப்பதற்கு இது இல்லை.

அப்போ பித்தப்பைக்கு என்ன செய்வது? வயிற்று ஸ்கான், அதாவது அல்ட்ராசவுண்ட். ஆறு முதல் எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் போனால் பை நிறைந்திருக்கும், கல்லும் பொலிப்பும் (பைச் சுவரிலிருந்து உள்ளே முளைத்து நிற்கும் சின்னச் சதை) சுவர் தடிப்பும் தெரியும். குழாய்க்குள் இருக்கும் கல் ஸ்கானில் தப்பக்கூடும், அப்போது எல்எஃப்டிதான் கைகொடுக்கும். பொலிப் 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல், கல் 3 சென்ரிமீற்றருக்கு மேல், பைச் சுவரில் கல்சியம் படிந்திருக்கிறது என்றால் சத்திரசிகிச்சை நிபுணரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்குக் கவலை தருவது பக்கேஜ் எடுக்கிறவர்களைவிட எதுவுமே எடுக்காதவர்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்கும் தோளுக்கும் ஏறும் வலியை 'காஸ்ட்ரிக்' என்று சொல்லிப் பாமசியில் ஒமிப்ரசோல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அது திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கானுக்குத் துண்டு கேளுங்கள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் காசில்லாமல் எடுக்கலாம். நெஞ்சுப் பக்கம் வலித்தால் முதலில் ஈசிஜி. கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போய், மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் நாட்டு மருந்தில் நாள் கடத்தாதீர்கள். அதோடு வலியும் நடுக்கத்தோடு காய்ச்சலும் என்றால் அன்றைக்கே வைத்தியசாலை.

புற்றுநோயை முன்கூட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். கருப்பைக் கழுத்துக்கு அங்கே செய்யும் பரிசோதனை நிரூபிக்கப்பட்டது, இலவசமும்கூட.

இன்னொன்று. பித்தப்பையை எடுத்த பிறகு கற்களைச் சின்னப் போத்தலில் போட்டு வீட்டுக்காரருக்குக் காட்டுவார்கள், அதை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். வெட்டி எடுத்த பை நோயியல் பிரிவுக்குப் போய் அதன் ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும், அதை வாங்க யாரும் திரும்பி வருவதில்லை. பித்தப்பைப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் பிடிபடுவது பல வேளைகளில் அந்தத் தாளில்தான். தையல் பிரிக்கப் போகும் நாளிலேயே அது எப்போது வரும், எந்த அறையில் வாங்குவது என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.