வைஃபை கோடு முழுசா இருக்கு, பக்கம் ஏன் திறக்கலை?

ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ஓடும் அதிவேக ரயில்களுக்கு வைஃபை பொருத்துவது என் வேலை என்று தெரிந்ததும் பக்கத்து சீட்காரர் கேட்கும் முதல் கேள்வி மேலே உள்ளதுதான்.

போனில் தெரியும் கோடுகள், சீட்டுக்கும் பெட்டிக்குள் இருக்கும் வைஃபை கருவிக்கும் நடுவே உள்ள சில மீட்டருக்கான கணக்கு. அங்கே பெரும்பாலும் குறையிருக்காது. சிக்கல் கூரைக்கு வெளியே. ரயிலின் ரவுட்டரில் பல நிறுவனங்களின் சிம்கள் இருக்கும். கூரை ஆன்டெனா வழியாக, போகிற வழியில் உள்ள செல்போன் கோபுரங்களைப் பிடித்து, கிடைக்கிற இணைப்புகளையெல்லாம் சேர்த்து உள்ளே அனுப்பும். உங்கள் போனும் அதே கோபுரங்களைத்தான் தேடுகிறது. ஆனால் சூட்டைத் தடுக்க ஜன்னல் கண்ணாடியில் பூசிய உலோகப் படலம் சிக்னலையும் தடுத்துவிடும்.

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 83 மீட்டர். பாதையில் மொத்தம் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு சிக்னல் தரும் கோபுரத்தின் எல்லையை 48 நொடியில் தாண்டிவிடுவோம். போதாததற்கு, அதிவேகப் பாதையைப் பெரும்பாலும் ஊருக்கு ஒதுங்கியே போடுவார்கள். கோபுரம் நிற்பதோ ஊருக்காக. லண்டன்–ஆம்ஸ்டர்டாம் பயணத்தில் நான்கு நாடுகள் வேறு. எல்லையில் சாதாரண போன் பழைய நாட்டு நெட்வொர்க்கை அது சாகும்வரை விடாது. ரவுட்டரில் ஒரு சிம் நாடு மாறும்போது இன்னொன்று தாங்கிப் பிடிக்கும். பல சிம் இதற்கும்தான்.

ஒரு சோதனைப் பயணத்தில் பாரிஸை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிடம் இணைப்பு நிரம்பி வழிந்தது. யாரோ படம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால், சுற்றுலா முடிந்து திரும்புகிறவர்களின் போன்கள் எடுத்த போட்டோக்களையெல்லாம் தாமாகவே கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தன. பாவம், அவர்களுக்கே தெரியாது! லண்டன்–ஆம்ஸ்டர்டாம் ரயில் ஒன்றில் சுமார் 900 பேர் வரை உட்காரலாம். அந்த நேரத்தில் கோபுரம் நொடிக்கு 100 மெகாபிட் டேட்டா தருகிறது என்று வையுங்கள். 300 போன் பங்கு போட்டால் ஆளுக்கு நொடிக்கு மூன்றில் ஒரு பங்கு மெகாபிட்தான்.

அதனால் ஏறுவதற்கு முன் போட்டோ பேக்கப்பையும் ஆப் அப்டேட்டையும் நிறுத்திவிடுங்கள். படத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்து சிம் என்றால், 2017 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பிரிட்டன் இப்போது அதில் இல்லை, பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், முக்கியமான வீடியோ கால் இருந்தால் ஸ்டேஷனிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். நானே அப்படித்தான் செய்கிறேன்.