லைப்ரரி டேபிள்: அது எந்த மேசை?

பழைய மரச்சாமான் விற்பனைப் பட்டியலில் 'ஸ்காண்டிநேவிய விண்டேஜ் லைப்ரரி டேபிள்' என்று பார்த்ததும் 'நூலக மேசை' என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதினால் கிளை நூலகத்தில் நாளிதழ்கள் பரப்பிக் கிடக்கும் நீள மேசைதான் படிப்பவர் நினைவுக்கு வரும். பெயர் குறிப்பது அதையல்ல. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் புத்தகங்களுக்கென்றே ஓர் அறை இருந்தது. அகலமான தட்டைப் பலகையும் அடியில் இழுப்பறைகளுமாக அந்த அறையின் நடுவில் போட்ட மேசைக்கு வந்த பெயர் இது. சுவரை ஒட்டிப் போடாததால் நாலு பக்கமும் இழைத்து மெருகேற்றியிருப்பார்கள். ஸ்காண்டிநேவியா என்பது டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகள். 1950, 60களின் டென்மார்க் எழுது மேசைகள் பலவற்றில் பின்பக்கம் புத்தகத் தட்டும் உண்டு. பித்தளைக் கைப்பிடிக்குப் பதில், முகப்பு மரத்தையே விரல் நுழையக் குடைந்திருப்பார்கள்.

'மேசை' போர்த்துகீசியரின் 'மேசா'. அதற்கு மூலம் லத்தீன் 'மென்சா'. ஸ்காண்டிநேவிய மொழிகளில் மேசைக்குப் பெயர் 'போர்ட்'. அம்மொழிகளுக்குத் தாயான பழைய நார்ஸ் மொழியில் அதற்குப் பலகை என்றும் பொருள்.

சுவாரசியம் இழுப்பறையில்தான். ஆங்கிலத்தில் இழுப்பதால் டிராயர். கால்சட்டைக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. அதையும் இழுத்துத்தானே மாட்டுகிறோம்! நார்வேக்காரர்களின் 'ஸ்குஃப்' தள்ளுவதைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. நாம் திறக்கும்போது பார்த்ததை அவர்கள் மூடும்போது பார்த்திருக்கிறார்கள். ஈழத்தில் இது 'லாச்சி'. டச்சு மொழியின் 'லாச்சே', அதாவது சிறிய இழுப்பறை. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் விட்டுப்போன சொல்.

மேசையும் லாச்சியும் கடல் வழியே நம்மிடம் வந்தன என்றால், மரத்தின் பெயர் இங்கிருந்து போனது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான 'தேக்கு' போர்த்துகீசியத்தில் 'தெக்கா' ஆகி ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. டென்மார்க்கிலும் அதுவே பெயர். தேக்கு விளையாத அந்தக் குளிர்நாட்டுத் தச்சர்கள் தென்கிழக்கு ஆசிய மரத்தை வாங்கித்தான் அந்தப் புகழ்பெற்ற மேசைகளைச் செய்தார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'படிப்பறை மேசை' பொருளுக்கு நெருக்கம். ஆனால் நம் வீடுகளில் படிப்பறை எங்கே இருக்கிறது? 'இழுப்பறை மேசை' என்றால் எவருக்கும் புரியும். என் ஓட்டு அதற்கே. ஈழத்தவர் 'லாச்சி மேசை' என்றால் அதுவும் நல்ல தமிழ்தான், மாற்ற வேண்டியதில்லை.

'விண்டேஜ்' திராட்சை அறுவடையில் பிறந்த சொல். 'அந்தக் காலத்து' என்று எழுதினால் போதும். 'பழம்பொருள்' வேண்டாம்: நூறு வயது தாண்டியதையே 'ஆன்டிக்' என்பது வணிக வழக்கம். 1960இல் செய்த மேசைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், காசு கொடுத்து வாங்குபவர் ஏமாந்துபோவார்.