சதத்தின் மேல் ஒரு கோடு

அப்பாயியின் சுருக்குப்பையில் கிடந்த 1926ஆம் ஆண்டு இலங்கைச் சதம் ஒன்றில், காசில் பொறித்திருக்கும் மரத்தின் அடியிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. லயத்துச் சுவரில் உரசியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது புரிந்தது: அது பள்ளமில்லை, மேடு.

கையில் புழங்கிய காசில் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். மேடாக இருந்தால் குறை அச்சில். காசடிக்கும் எஃகு அச்சில் எழுத்தும் தலையும் குழிந்திருக்கும். வெற்று வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது உலோகம் அந்தக் குழிக்குள் பிதுங்கும். அடித்து அடித்து எஃகு வெடித்தால், வெடிப்புக்குள்ளும் பிதுங்கும். அச்சின் காயம் காசில் தழும்பாகிறது. விளிம்போரம் அச்சே உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் எழுத்தில்லாத ஒரு கட்டி எழும்பும்.

ஒரே ஆண்டுக்குப் பல அச்சுகள் தேவைப்படும். ஒவ்வோர் அச்சும் ஒரு தாய் அச்சை அழுத்தி எடுத்த நகல். பழைய நாளில் ஒரே அழுத்தலில் உருவம் முழுதாக இறங்காது. சூடாக்கி ஆறவைத்து மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் தடவை இம்மி விலகினாலும் எழுத்துகள் இரட்டையாகிவிடும். நம் மலையில் கோப்பி கொழித்த காலத்தில், 1870 என்ற ஆண்டோடு ரூபாய்ச் சதக் காசுகள் வந்தன. அந்த நூற்றாண்டில் பல அச்சாலைகள் ஆண்டு இலக்கங்களை அச்சில் கையாலேயே குத்தின. சுத்தியல் அடி தவறினால் ஒரு 8இன் பக்கத்தில் இன்னொரு 8இன் நிழல் தெரியும்.

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். அடிக்கும் நேரத்தில் அச்சு ஆடினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஆனால் அது எழுத்தின் ஓரத்தைச் சீவித் தட்டையான படியாக்கிவிடும், எழுத்து மெலியும். அச்சே இரட்டை என்றால் எழுத்து தடிக்கும், முனை பிளந்து நிற்கும். முதலாவதற்கு நான் பத்துச் சதமும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

அப்பாயி பண்டிகைக்குப் பண்டிகை காசுகளைப் புளி போட்டு விளக்குவார். அதனால் பாதி அடையாளம் போய்விட்டது. மலைக்குளிரின் ஈரத்தில் பச்சை பூத்தாலும் பரவாயில்லை, தேய்க்காதீர்கள்.

ஒரு காசை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே கோடு, அதே இடத்தில், இன்னொரு காசிலும் இருக்க வேண்டும். எனக்கு ஏழு வருடம் பிடித்தது. பண்டாரவளையில் நண்பர் ஒருவரின் பால்மா டின்னைக் கொட்டிக் கிளறியபோது அகப்பட்டது. அதே ஆண்டு, அதே கோடு. ஆனால் அதில் கோடு மரத்தையும் தாண்டி எழுத்துவரை போயிருந்தது. வெடிப்பு வளருமே தவிர மூடாது. ஆக, ஒரே அச்சில் அப்பாயியின் சதம் முதலில் பிறந்தது, நண்பருடையது பிறகு.